ஆயிரம் ரூபாய்த் தன்னார்வம்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,

தன்னார்வலர்களை வைத்து நடக்கும் திட்டங்களைத் தொடங்கியது யார், பெருமை எந்தக் கட்சிக்கு என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நான் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதுதான் எனக்கு முழுநேர உத்தியோகம்.

எங்கள் தெருவில் இரண்டு பெண்கள். ஒருவரை ஊரே மாத்திரைக்கார அக்கா என்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர். தோளில் ஒரு பை, அதற்குள் பிரஷர் பார்க்கும் மிஷின், சுகர் பார்க்கும் மிஷின், மாத்திரைப் பட்டைகள். இன்னொருவர் டியூஷன் அக்கா. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர். பி.ஏ. தமிழ் முடித்தவர், பி.எட். சேரக் கையில் காசில்லாமல் கல்யாணமாகி வந்தவர். மாலை ஐந்து மணிக்கு மேல் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பதினெட்டுப் பிள்ளைகளோடு உட்காருவார். அரசாணைப்படி இருவரும் தன்னார்வலர்கள்.

பொங்கல் முடிந்தால் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கிளம்பிவிடும். செங்கல்பட்டு, திருவள்ளூர் என்று போனால் மழைக்கு முன்னால்தான் திரும்புவார்கள். சில பிள்ளைகள் கூடவே போகும், சில பாட்டியிடம் தங்கும். அப்படித் தங்கிய பையன் ஒருவன், நான்காம் வகுப்பு. பாட்டிக்குச் சர்க்கரை. மாத்திரை கொடுக்கப் போன அக்கா காலை பத்தரை மணிக்குப் பையன் வீட்டில் இருப்பதைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் என்றால் காய்ச்சல் என்று விட்டுவிடலாம். அடுத்த முறை போனபோதும் இருந்தான். பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது; அடுப்பு மூட்டுவதும் தண்ணீர் பிடிப்பதும் இவன்தான். அன்று சாயங்காலம் குழாயடியில் அந்த அக்கா டியூஷன் அக்காவிடம் சொன்னார். டியூஷன் அக்கா என் திண்ணைக்கு வந்தார். நான் பள்ளிக்குப் போய், எனக்குப் பின்னால் வந்த தலைமையாசிரியரிடம் சொன்னேன். பக்கத்து வீட்டில் தண்ணீருக்கு ஏற்பாடு செய்து, பையன் மறுபடி பள்ளிக்குப் போக நாலு நாள் ஆனது.

மாத்திரைக்கார அக்காவின் போனை வாங்கிப் பார்த்தேன். பாட்டியின் சர்க்கரை அளவை எழுத இடம் இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு இடம் இருக்கிறது. பேரன் பள்ளிக்குப் போகவில்லை என்று எழுத இடம் இல்லை. டியூஷன் அக்காவின் போனில் வருகைப்பதிவுக்கு இடம் இருக்கிறது. வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பதற்கு இடம் இல்லை. அந்த நாலு நாள் வேலை எந்த என்ட்ரியிலும் ஏறவில்லை. உங்கள் மேசைக்கு வரும் அட்டவணையிலும் அது இருக்காது.

இந்தத் திட்டங்கள் வெறும் காகிதம் என்று நான் சொல்ல வரவில்லை. கொரோனா ஊரடங்கு முடிந்து பள்ளி திறந்தபோது வகுப்பறையில் நின்றவன் நான். ஒன்றரை வருடத்தில் எழுத்தையே மறந்துபோன பிள்ளைகளைப் பார்த்து எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சாக்பீஸோடு நின்றிருக்கிறேன். 2021 அக்டோபரில் இதே மாவட்டத்தில் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. ஆறு மாதத்துக்கு என்றார்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், சேர்ந்தார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாகவும், அப்படி வந்ததில் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் என்றும் எழுதினார்கள். மக்களைத் தேடி மருத்துவத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருது கொடுத்தது. பத்திரிகையில் படித்துவிட்டு மாத்திரைக்கார அக்காவிடம் சொன்னேன். “அப்படியா சார்? மிஷினுக்கு பேட்டரி தீர்ந்துபோச்சு, அதை முதல்ல கேக்கணும்” என்றார்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நானும் தன்னார்வலனாக இருந்தவன்தான். 1991இல் புதுக்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறிவொளி இயக்கம். ராத்திரி அரிக்கேன் விளக்கோடு கல்குவாரிப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போவோம். பெண்கள் சைக்கிள் பழகியதை அருகிருந்து பார்த்தேன். காலணா வாங்கவில்லை. அந்தப் பெருமையை முப்பது வருடமாகப் பேசிக்கொண்டிருந்தேன், மண்டபத்தில் பாடம் எடுத்த டியூஷன் அக்காவைப் பார்க்கும் வரைக்கும். பகலில் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. அதனால்தான் ராத்திரியில் என்னால் தன்னார்வலனாக இருக்க முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு அப்படிப் பகல் சம்பளம் கிடையாது. மாதம் வந்த ஆயிரம் ரூபாய்தான் அவர் பெயருக்கு வந்த ஒரே பணம். மாதத்துக்கு இருபது மாலை என்று கணக்குப் போட்டாலும் ஒரு மாலைக்கு ஐம்பது ரூபாய். அதுவும் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் தள்ளிப் போகும். தள்ளிப் போன மாதத்தில் கேஸ் சிலிண்டருக்கு மாமியாரிடம் கை நீட்ட வேண்டும். 2025-26இல் நூறு நாள் வேலைக்கு இந்த மாநிலத்துக்கு வைத்த தினக்கூலி 336 ரூபாய். மாலை வகுப்பின் ஒன்றரை மணி நேரத்தையும் முழு நாளையும் ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் போனில் ஏற்றுவது, பயிற்சிக்கு ஒன்றியத் தலைநகர் போவது, வராத பிள்ளை வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது எல்லாவற்றையும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கினால் கடிகாரமே சிரிக்கும்.

வேலைக்குக் கூலி கேட்டால் தன்னார்வலர் என்கிறோம். ஒரு நாள் வராவிட்டால் ஊழியரைப் போல விளக்கம் கேட்கிறோம். இரண்டில் ஒன்றை அரசு தேர்ந்தெடுக்க வேண்டும். தன்னார்வலர் என்றால் இலக்கு வைக்காதீர்கள், வாட்சப் குழுவில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்காதீர்கள். இலக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால் ஊழியர் என்று எழுதிக் கொடுங்கள்.

இதில் தமிழ்நாட்டுக்கு வழி தெரியாமல் இல்லை. 1975இல் அங்கன்வாடி தொடங்கியபோது அந்தப் பெண்களுக்கும் ‘மதிப்பூதியம்’தான். 1982இல் சத்துணவு வந்தபோதும் அப்படித்தான். பிறகு இந்த மாநிலம் அவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் கொடுத்தது. பல மாநிலங்கள் இன்றும் அந்த அளவுக்கு வரவில்லை. 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று குறைந்தபட்சக் கூலி கொடுக்கச் சொன்னது. 2022இல் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பால்வாடி டீச்சருக்காக நாற்பது வருடம் நடந்து கடந்த தூரத்தை, புதுத் திட்டம் என்றதும் மறுபடி முதல் அடியிலிருந்து நடக்கச் சொல்வது என்ன நியாயம்? அந்த முதல் அடிக்குப் பெயர்தான் தன்னார்வம்.

கூலியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

போன வருடம் கோடை விடுமுறைக்கு முன்னால் மாலை வகுப்பில் ஒரு சிறுமி சொல்லியிருக்கிறாள்: “எங்க அக்காவுக்குத் தட்டு மாத்தியாச்சு, டீச்சர்.” அக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவள், வயது பதினாறு ஆகவில்லை. டியூஷன் அக்கா இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மூன்றாம் நாள் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தார். செய்வதற்கு முன் என்னைக் கேட்டார். செய் என்று சொன்னவன் நான். பெயர் வெளியே வராது என்றும் சொன்னேன்.

அதிகாரிகள் வந்தார்கள், வேகமாகவே வந்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் தெரு முனையில் ஜீப் நின்றதும் வந்தவரில் ஒருவர் வீடு எது என்று கேட்கப் புகார் கொடுத்த எண்ணுக்கே போன் போட்டார். டியூஷன் அக்கா கையில் போனோடு வாசலுக்கு வந்தார். அவ்வளவுதான், தெருவுக்கே விளங்கிவிட்டது.

கல்யாணம் நின்றது. பெற்றோர் எழுதிக் கொடுத்தார்கள். ஜீப் ஆறு மணிக்குள் கிளம்பிவிட்டது. அதிகாரி வீட்டுக்குப் போய்விடலாம், கிராம சுகாதார செவிலியரும் பேருந்து ஏறிவிடலாம். டியூஷன் அக்கா மறுநாள் அதே குழாயடியில்தான் குடத்தை வைக்க வேண்டும். அதே தெருவில் இருப்பதால்தான் தட்டு மாற்றிய செய்தி அவருக்குத் தெரிந்தது. அதனாலேயே அவருக்கு ஒளிய இடமும் இல்லை. குடத்தை யாரோ தள்ளிவிட்டார்கள். குடும்பத்தைக் கெடுத்தவள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். பதினெட்டுப் பிள்ளைகள் பதினொன்றாகி, ஐந்தாகின. வருகை குறைந்தது ஏன் என்று மேலிருந்து விளக்கம் கேட்டு வாட்சப்பில் செய்தி வந்தது. என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மாத்திரைக்கார அக்கா மட்டும் தினமும் போய் அவர் வாசலில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

ஐயா, புதுத் திட்டம் எதுவும் கேட்கவில்லை. புகார் தருபவரின் எண்ணைக் களத்துக்கு வருகிறவர் கையில் கொடுக்காதீர்கள். இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். மாதம் ஒரு நாள் இந்த இரண்டு பெண்களைப் போன்றவர்களையும் பால்வாடி டீச்சரையும் செவிலியரையும் தலைமையாசிரியரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, எந்த வீட்டில் என்ன என்று பேசச் சொல்லுங்கள். குழாயடியில் நடப்பதை அலுவலகத்தில் நடத்துவதுதான் அது. அந்த நாளுக்கு அவர்களுக்குக் கூலியும் டீயும் கொடுங்கள். மகளிர் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் பேருந்தே வராத ஊர்களும் உங்கள் வரைபடத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வருகிறவருக்கு ஷேர் ஆட்டோக் காசு வேண்டும். தன்னார்வலர்கள் வேலை செய்த வருடங்களுக்கு அரசுத் தேர்வில் மதிப்பெண் தர முடியுமா என்று பாருங்கள். மாதச் சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை உங்கள் நிதித் துறை என்னைவிட நன்றாக அறியும்.

கல்யாணம் நின்ற அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. காலை ஏழு ஐம்பது பேருந்துக்கு என் திண்ணையைத் தாண்டித்தான் போகிறாள். டியூஷன் அக்கா ஆகஸ்டில் நின்றுவிட்டார். கோயில் மண்டபத்தில் கரும்பலகை இன்னும் சாய்ந்து கிடக்கிறது. மாலை வகுப்பு நடப்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.