தனிவழிப் பயணத்தின் முதல் நாள்

மனிதன் அமைத்துக்கொண்ட ஊர்திகளுள் மிதிவண்டியைப் போல் எளியது பிறிதில்லை. அதற்குத் தீனி வேண்டா, எண்ணெயும் வேண்டா, ஏறி அமர்வோன் காலே அதனை இயக்கும் பொறி. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு அரசு விலையின்றி மிதிவண்டி வழங்குகிறது. ஆயினும், அவ்வண்டிகளுள் பல, வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே ஓடி ஓய்ந்துவிடுகின்றன. ஊர் எல்லையைக் கடந்து, தனியே, ஒரு முழுநாட் பயணம் செய்யும் பேற்றையும் அவ்வண்டி தரவல்லது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இளமையில் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் அத்தகைய பயணத்தை மேற்கொள்ளுதல் வேண்டும். அதன் முதல் நாளை ஆரவாரமின்றி, அளவறிந்து நடத்துதல் வேண்டும்.

இங்கிலாந்து நாட்டில், விடுமுறைக் காலத்தில் மிதிவண்டி ஏறித் தனியே ஊர் காணப் புறப்படுதல் நெடுநாளைய வழக்கம். 1878ஆம் ஆண்டிலேயே மிதிவண்டிப் பயணிகளுக்கென்று அங்கு ஒரு கழகம் தோன்றிற்று. செங்குத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகை நாட்டுதல், தங்குவதற்கேற்ற விடுதிகளைத் தேர்ந்து அவற்றின் சுவரில் சிறகு பூண்ட சக்கரச் சின்னத்தைப் பதித்தல் முதலிய பணிகளை அக்கழகம் செய்தது. அந்நாளைய வண்டியின் முன்சக்கரம் மிகப் பெரியது. பின்சக்கரம் மிகச் சிறியது. 1885இல் ஸ்டார்லி என்பவர், சங்கிலியால் இயங்கும் தாழ்ந்த வண்டியைக் கவன்ட்ரி நகரில் அமைத்தார். 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்தார். இன்று நம் தெருக்களில் ஓடும் வண்டி அவ்விரண்டின் வழித்தோன்றலே ஆகும். 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம், இங்கிலாந்து நிறுவனம் ஒன்றன் துணையோடு, சென்னையை அடுத்த அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்யலாயிற்று. இவ்வாறு ஊர்தி நம் நாட்டிற்கு வந்தது. ஊர் காணும் வழக்கம் மட்டும் அதனோடு பெரிதும் வரவில்லை.

ஊர் காண்பதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டும் என்பதில்லை. திருப்பூர் மாவட்டத்தில், தாராபுரத்திலிருந்து கரூருக்குச் செல்லும் சாலையில் அமைந்த பேரூர் மூலனூர். பருத்தியும் முருங்கையும் விளையும் வறண்ட நிலம் அதனைச் சூழ்ந்துள்ளது. அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடைபெறுவதுண்டு. அம்மாவட்டத்துப் பின்னலாடைகள் கடல் கடந்து அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. அவ்வூர் மாணவன் ஒருவன், ஆடித் திங்களில் ஒரு விடுமுறை நாளன்று, தாராபுரத்தை நோக்கித் தனியே புறப்படுகின்றான் என்று கொள்க. தொலைவு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. பேருந்தில் பல முறை சென்ற வழிதான். ஆதலின், ஒன்றரை மணி நேரத்தில் சென்றுவிடலாம் என்று அவன் கணக்கிடுகின்றான். அக்கணக்கு முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே பொய்த்துவிடுகின்றது.

காரணம் யாது? தென்மேற்குப் பருவக் காலத்தில், மேற்கு மலைத்தொடரின் இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று பெருகி வருகின்றது. அவ்வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவது அக்காற்றே. மேற்கு நோக்கிச் செல்லும் மாணவனை அது நேர் எதிரே தாக்குகின்றது. மணிக்கு 15 கிலோமீட்டர் விரைவில் செல்வோனை அதே விரைவுடைய காற்று எதிர்த்தால், அவன் உடல்மீது படும் காற்றின் விரைவு 30 கிலோமீட்டர் ஆகும். விரைவு இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. பேருந்தின் சாளரத்தருகே அமர்ந்து சென்றபோது இன்பமாய் வீசிய காற்று, இப்பொழுது மார்பில் கை வைத்துத் தள்ளுகின்றது. வகுப்பறையில் கேட்ட நிலநூற் பாடத்தை அவன் கால்கள் அன்று கற்கின்றன.

இவ்விடத்தில் அவன்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, வீம்பு கொண்டு விரைதல். மற்றொன்று, விரைவைக் குறைத்துச் சீராகச் செல்லுதல். வீம்பு கொண்டவன் பாதி வழியில் சோர்ந்து, பயணத்தையே வெறுத்துவிடுவான். நிதானம் கொண்டவன், சற்றுத் தாழ்ந்தாலும், அமராவதி ஆற்றங்கரையை அடைந்தே தீர்வான். 'பைய மென்றால் பனையையும் தின்னலாம்' என்பது நம் நாட்டுப் பழமொழி அன்றோ? தைப்பூசத்திற்குக் காவடி ஏந்திப் பழநிக்கு நடந்து செல்லும் அடியார்களைக் கேட்டால், முதல் நாள் விரைந்தவன் மறுநாள் கொப்புளம் கண்ட காலோடு பின்தங்குவான் என்று கூறுவர். காலையில் காற்றை எதிர்த்து மெல்லச் சென்றவனை, மாலையில் அதே காற்று முதுகில் தாங்கி வீடு சேர்க்கும்.

உலகைச் சுற்றிய பெருமக்களும் இவ்வுண்மையை அறிந்தவர்களே. உயர்ந்த சக்கரமுடைய பழைய வண்டியில் 1884இல் புறப்பட்டு 1886இல் உலகப் பயணத்தை முடித்த தாமஸ் ஸ்டீவன்ஸ், கரடுமுரடான வழிகளில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். வங்காளத்தவராகிய ராமநாத் விசுவாஸ் 1931இல் சிங்கப்பூரிலிருந்து தனியே மிதிவண்டியில் புறப்பட்டார். அயர்லாந்து நாட்டுப் பெண்மணியாகிய டெர்வ்லா மர்பி, தம் பத்தாம் வயதில் மிதிவண்டி பெற்றபோதே இந்தியாவரை செல்வதென்று உறுதி கொண்டார். 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐரோப்பாவை வாட்டிய கடுங்குளிரில் அவர் தனியே புறப்பட்டு, அவ்வாண்டிலேயே தில்லியை அடைந்தார். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அவர் அயர்லாந்தின் சாலைகளில் சிறு சிறு பயணங்களைப் பழகியே வந்தார். பெரும் பயணத்திற்கு வேண்டிய துணிவு ஒரே நாளில் வருவதன்று.

'தனிமரம் தோப்பாகாது, துணையின்றிச் செல்வது தகுமோ?' என்று பெரியோர் கேட்பர். அக்கேள்வியைத் தள்ளிவிடுதல் தகாது. சாலைகளில் இன்று பெருவண்டிகள் மலிந்துள்ளன, விபத்துகளும் மலிந்துள்ளன. ஆதலின், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிச் செல்லுதல், நெடுஞ்சாலையை விட்டுச் சிற்றூர்ச் சாலையைத் தேர்தல், தலைக்கவசம் அணிதல், இருட்டுமுன் திரும்புதல் ஆகியவை தவிர்க்கலாகாக் கடமைகள். ஆயினும், இடர் உண்டென்று அஞ்சி வீட்டிலேயே அடைத்து வைத்தல் காப்பாகாது. சங்கிலி கழன்றால் தானே மாட்டுதலும், வழி மயங்கினால் வயலில் நிற்பவரைப் பணிவோடு கேட்டலும் துணையுள்ளபோது எளிதில் கைவருவன அல்ல, துணைவன் செய்துவிடுவான். தனியே செல்பவன்தான் பிறரை நம்பவும், பிறர் நம்பத்தக்கவனாக நடக்கவும் கற்கின்றான்.

இவ்வுரிமை ஆண்மக்களுக்கு மட்டும் உரியதன்று. 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். எள்ளி நகைத்தவர்கள் இருந்தனர். அப்பெண்களோ வண்டியை விட்டு இறங்கவில்லை. சந்தைக்கும் வேலைக்கும் பிறர் வருகையை எதிர்பாராமல் செல்லும் உரிமையை அவர்கள் பெற்றனர். மகனுக்கு ஒரு நாட் பயணம் நன்மை தருமாயின், மகளுக்கும் அது நன்மையே தரும். மகள் செல்லும் சாலையில் அச்சம் உண்டெனின், திருத்தப்பட வேண்டியது சாலையும் சமுதாயமுமேயன்றி அவள் பயணம் அன்று.

முதல் நாளின் சிறப்பு, கடந்த தொலைவில் இல்லை. தன் வலிமை எவ்வளவு, எங்கே இளைப்பாறவேண்டும், எவரிடம் உதவி நாடவேண்டும் என்பவற்றை அறிந்துகொள்வதே அதன் பயன். இருபது கிலோமீட்டர் சென்று இவற்றை அறிந்தவன், நூறு கிலோமீட்டர் சென்றும் அறியாதவனைவிட நெடுந்தொலைவு சென்றவன் ஆவான். மாணவர்கள் தத்தம் ஊரைச் சூழ்ந்துள்ள ஆற்றையும் காட்டையும் சந்தையையும் தம் காலின் உழைப்பால் கண்டறிதல் வேண்டும். நாளை உலகைக் காணவிருக்கும் கண்களுக்கு அதுவே தக்க பயிற்சியாகும்.