பொத்தான் நம் பேச்சைக் கேட்கட்டும்



பேராக்கிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியே பிள்ளைகளை ஆளாக்கியவர். பட்டணத்தில் வேலை செய்யும் மகன், தான் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அதன் கீபோர்டில் மேல் வரிசையில் கடித உறைப் படம் போட்ட ஒரு பொத்தான், வீட்டுப் படம் போட்ட ஒரு பொத்தான். உறையை அமுக்கினால் ஏதோ ஒரு பெட்டி திறந்து, புதுக் கணக்குத் திறக்கச் சொல்கிறதாம். தமக்கு வேண்டியது ஊழியர் சேமநிதிக் கணக்கு ஒன்றுதான், அதை ஒரே அமுக்கில் திறக்க வழியுண்டா என்று கேட்கிறார்.

உண்டு தாயே. இதைச் சின்ன விஷயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் அண்ணியார் வங்கிக் கணக்கைப் பார்க்க நினைத்தால், தேடும் பெட்டியில் வங்கியின் பெயரை எழுதுவார். முதலில் எது வருகிறதோ அதை அமுக்குவார். ஒரு நாள் முதலில் வந்தது விளம்பரம். வங்கியின் பக்கம் போலவே நிறம், அதே சின்னம். பயனர் பெயரை எழுதிவிட்டார். கடவுச்சொல்லை எழுதப் போகும் நேரத்தில் பக்கத்தில் இருந்த பேரன், "பாட்டி, மேலே முகவரியில் ஓர் எழுத்து கூட இருக்கிறதே!" என்றான். அந்தப் பையன் அன்று பள்ளிக்குப் போயிருந்தால், அண்ணியாரின் ஓய்வுக்காலச் சேமிப்பு என்னவாகியிருக்குமோ! அன்றே அவர் கம்ப்யூட்டரில் நான் செய்து கொடுத்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். முகவரியை ஒருமுறை சரியாக எழுதி ஒரு பொத்தானில் கட்டிவிட்டால், பிறகு தேடவே வேண்டியதில்லை. தேடாதவர் போலிப் பக்கத்தில் போய் விழுவதும் குறைவு.

விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் செய்யும் முறை இது. திரையில் படம் எதுவும் இல்லாத வெற்றிடத்தில் மௌஸின் வலப் பொத்தானை அமுக்குங்கள். வரும் பட்டியலில் நியூ, அதனுள் ஷார்ட்கட். ஒரு கட்டம் திறந்து முகவரி கேட்கும். சேமநிதி வாரியத்துக்கு www.kwsp.gov.my என்று எழுத வேண்டும். முன்னால் https:// என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள், இங்கே அவசரம் வேண்டாம். நம் நாட்டு அரசாங்கப் பக்கங்கள் gov.my என்று முடியும். வங்கியின் முகவரியை, வங்கி உங்களுக்குக் கொடுத்த அட்டையையோ தாளையோ பார்த்து எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதைப் பார்த்து எழுதாதீர்கள். அடுத்து ஒரு பெயர் கேட்கும். 'சேமநிதி' என்று தமிழிலேயே வைக்கலாம். முடித்ததும் திரையில் ஒரு படம் வந்து உட்காரும்.

இப்போது அந்தப் படத்தின் மேல் மீண்டும் வலப் பொத்தானை அமுக்கி, பிராப்பர்ட்டீஸ் என்பதைத் திறங்கள். ஷார்ட்கட் கீ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதற்குள் ஒரு முறை கிளிக் செய்துவிட்டு, கீபோர்டில் K எழுத்தை அமுக்குங்கள். கட்டத்தில் கண்ட்ரோல், ஆல்ட், K என்று மூன்றும் தானாக வரும். ஓகே கொடுங்கள். அவ்வளவுதான். இனிமேல் அந்த மூன்றையும் சேர்த்து அமுக்கினால் சேமநிதிப் பக்கம் திறக்கும். வங்கிக்கு B, சொக்சோவுக்கு S என்று அவரவர் விருப்பம் போல வைத்துக்கொள்ளலாம். ஒரே எழுத்தை இரண்டுக்கு வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்னொன்று: அந்தப் படம் முகப்புத் திரையிலேயே இருக்க வேண்டும். அழகு பார்க்கிறேன் என்று பிள்ளைகள் வேறு கோப்புறைக்குள் தள்ளிவிட்டால் பொத்தான் வேலை செய்யாது. எங்கள் வீட்டில் நடந்தது. அரை நாள் தேடினேன்.

மூன்று விரல் வைக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. திரையின் அடியில் உள்ள பட்டையில் நாம் நிலையாக வைத்திருக்கும் நிரல்களை இடமிருந்து எண்ணுங்கள். விண்டோஸ் சின்னப் பொத்தானோடு 1-ஐ அமுக்கினால் முதலாவது திறக்கும், 2-ஐ அமுக்கினால் இரண்டாவது. மகனோடு முகம் பார்த்துப் பேசும் நிரலை முதல் இடத்துக்கு இழுத்து வைத்துவிடுங்கள்.

சரி, அந்த உறைப் படப் பொத்தான்? அது பெரும்பாலும், கம்ப்யூட்டர் எதைத் தன் வழக்கமான அஞ்சல் நிரலாக நினைத்திருக்கிறதோ அதைத்தான் திறக்கும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் டிஃபால்ட் ஆப்ஸ் என்ற இடத்தில் அதை மாற்றலாம். அஞ்சலுக்குப் பதில் வேறு எதையாவது திறக்க வேண்டுமானால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுக்கும் பவர்டாய்ஸ் என்ற நிரலில் கீபோர்டு மேனேஜர் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் செய்யலாம். இதை மகன் விடுமுறைக்கு வரும்போது அவரிடமே விட்டுவிடுங்கள். ரெஜிஸ்ட்ரி என்ற இடத்துக்குள் போய் எண்களை மாற்றச் சொல்லும் யோசனையும் உங்கள் காதில் விழும். அதில் கை வைக்காதீர்கள். ஒரு பொத்தானுக்காகக் கம்ப்யூட்டரையே படுக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அதே விடுமுறையில் இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் அது இருந்தால், பணக் கணக்கைத் திறக்கும் முன் என்ன செய்யலாம் என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் மனம் வாட வேண்டாம். கைப்பேசியில் குரோம் வழியாகச் சரியான பக்கத்தைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் முகப்புத் திரையில் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தால் அதுவும் ஒரு பொத்தானாகிவிடும்.

இத்தனைக்கும் மீறிப் பணம் போய்விட்டது என்று தெரிந்தால், அக்கம்பக்கத்தில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 997-க்குப் போன் செய்யுங்கள். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது.

கடிதம் எழுதிய தாயாருக்கு ஒரு வார்த்தை: கண் பார்வை மங்கல் என்றும் எழுதியிருந்தீர்கள். K எழுத்தின் மேல் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு பொட்டு வையுங்கள். அண்ணியார் அப்படித்தான் வைத்திருக்கிறார், வங்கிக்குப் பச்சை.