பிரம்பும் சமையலறைக் கதவும்

அடியாத மாடு படியாது என்று எவரோ மாட்டைப் பற்றிச் சொல்லி வைத்தார். அதைக் குழந்தைகளுக்கு மாற்றிக்கொண்ட புண்ணியவான் யாரோ! 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பைப் பிடுங்கிவிட்டது. பிரம்பின் தத்துவத்தைப் பிடுங்கவில்லை. 'பரிசு காட்டு, இல்லையேல் பயம் காட்டு' என்று படித்தவர்களே இன்றும் சொல்லுகிறார்கள். மனோதத்துவ சாஸ்திரமே அப்படித்தான் கூறுகிறதாம்.

ஒரு காலத்தில் கூறியது உண்மைதான். 1913-ல் அமெரிக்காவில் வாட்ஸன் என்பவர், மனம் என்ற பேச்சே வேண்டாம், நடத்தையைப் பார்த்தால் போதும் என்று கிளம்பினார். சிந்தனைகூட அவருக்குத் தொண்டைக்குள் நடக்கும் பேச்சுத்தான். அந்தக் கட்சியை ஆட்டி வைத்தவை எலிகள். 1930-ல் டால்மனும் ஹான்ஸிக்கும் சில எலிகளைப் பத்து நாள், முடிவில் தீனி வைக்காமலே, புதிர்ப் பாதையில் உலவவிட்டார்கள். பதினோராம் நாள் தீனி வைத்ததும், தினமும் தீனி கண்ட எலிகளை அவை ஓரிரு நாளில் எட்டிப் பிடித்துவிட்டன. கூலி இல்லாமலே வழியைத் தலையில் வாங்கியிருந்தன!

பிறகு பண்டூரா வந்தார். பொம்மையை அடித்த ஆள் தண்டனை பெறுவதைப் படத்தில் பார்த்த குழந்தைகள், தாங்கள் குறைவாகவே அடித்தன. 'பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு' என்றதும், மற்றக் குழந்தைகளுக்குச் சமமாகச் செய்து காட்டின. 1965-ல் வெளியான சோதனை இது. தண்டனை கையைத் தடுத்ததே தவிர, கற்றதை அழிக்கவில்லை.

பிரம்புக் கட்சிக்காரர்கள் அமெரிக்கா வரை போக வேண்டாம். ராமேசுவரத்துக்கு வந்தால் போதும். அப்துல் கலாம் தம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் சொல்லும் சம்பவம். சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், மாணவன் கலாமைச் சாப்பிட அழைத்தார். ஆசாரமான அவர் மனைவி பரிமாற மறுத்தார். ஐயர் கோபிக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தாமே பரிமாறி, பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் மறுபடியும் அழைப்பு. இந்தத் தடவை அம்மாளே பையனை உள்ளே அழைத்துச் சென்று, தம் கையால் பரிமாறினார்! பரிசு எங்கே, பிரம்பு எங்கே? நடுவில் ஒரு வாரம் அந்த அம்மாள் மனத்தில் என்ன ஓடியதோ, அதை எந்த வாட்ஸன் அளப்பார்?

அதே நூலைக் காட்டி என்னை மடக்கலாம். வகுப்பில் முஸ்லிம் பையன் கலாமை ராமநாத சாஸ்திரியின் பக்கத்திலிருந்து எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார் ஒரு புது வாத்தியார். ராமநாதனின் தகப்பனார் லட்சுமண சாஸ்திரி, கோயில் அர்ச்சகர், அவரை வரவழைத்து, 'மன்னிப்புக் கேளும், அல்லது ஊரை விட்டுப் போம்' என்று கண்டித்தார். மிரட்டல்தானே? ஆம். ஆனால் வாத்தியாரை மாற்றியது சாஸ்திரியின் உள்ள உறுதி என்றுதான் கலாம் எழுதுகிறார். தவிர, அது நடந்தது அந்த இரண்டு பையன்களின் கண்ணெதிரே.