உம்மாவின் போனும் மகனின் கைவேலையும்



சென்ற நோன்புக்கு முன்னர் ஒரு சகோதரி தன் மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை. "ஹஸரத், என்ட போன வேகமாக்கித் தாறன் எண்டு சொன்னான். நானும் நம்பிக் குடுத்திட்டன். இப்ப இவங்கட வாப்பா பேசின ஒண்டுமே அதுல இல்ல" என்றார். அவருடைய கணவர் வஃபாத்தாகி இரண்டு வருடம். வெளிநாட்டிலிருந்து அவர் அனுப்பிய குரல் பதிவுகள் அந்தப் போனில் மட்டும்தான் இருந்தன. பிள்ளை தலை குனிந்து நின்றான்.

அவன் செய்தது என்ன? அன்ட்ரொய்ட் போன்களில் கொம்பனி போட்ட மென்பொருளை நீக்கிவிட்டு, வேறு ஆட்கள் ஆக்கிய மென்பொருளை ஏற்றலாம். இதைக் கஸ்டம் ரொம் என்கிறார்கள். அதற்கு முதலில் பூட்லோடர் என்ற பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தவுடன் போனுக்குள் இருக்கும் படம், குரல், கடிதம் யாவும் அழிந்துவிடும். களவெடுத்தவன் பூட்டைத் திறந்து வீட்டார் படங்களைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கவில்லை. திரையில் வந்த எச்சரிக்கையை வாசிக்காமலே அழுத்திவிட்டான்.

"இது ஹராமா ஹஸரத்?" என்று கேட்டான். தன் பொருளைத் தான் திருத்திக்கொள்வதில் தடை இல்லை என்றேன். இதில் நன்மையும் உண்டு. கொம்பனி கைவிட்ட பழைய போனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. நல்ல ரொம் ஒன்று அதை இன்னும் சில வருடங்கள் பாவிக்க வைக்கும். 2009 இல் ஸ்டீவ் கொண்டிக் என்பவர் தொடங்கிய சயனோஜென்மொட் அப்படிப்பட்டது. 2016 டிசம்பரில் அது மூடப்பட்டதும் லினியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். வீசிவிட வேண்டிய பொருளைப் பயன்படுத்துவதை வீண்விரயம் என்று யார் சொல்வார்? (இந்த விடயங்களை எனக்குச் சொல்லித் தந்தவர்கள் என்னிடம் நஹ்வு ஓதும் மாணவர்கள்தான். அந்தப் பாடத்தில் மட்டும் அவர்கள் உஸ்தாத், நான் மாணவன்.)

ஆயினும் யார் ஆக்கிய ரொம் என்று பார்க்காமல் ஏற்றக் கூடாது. போனின் உயிர்நாடியே அதுதான். பெயர் ஊர் தெரியாத ஒருவர் ஆக்கியதை ஏற்றினால், உங்கள் கல்யாண வீட்டுப் படங்களும் வட்ஸ்அப் பேச்சும் அவர் கையில் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? லினியேஜ் போன்ற குழுக்கள் தங்கள் சொந்தத் தளத்தில் எந்தெந்தப் போனுக்கு ரொம் உண்டு என்று பட்டியல் இட்டிருக்கிறார்கள். கோப்பு பழுதின்றி வந்ததா என்று சரிபார்க்க ஓர் எண்ணும் தருகிறார்கள். அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். போனின் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. 2011 இல் வந்த சம்சுங் கெலக்சி எஸ்2 போனில் ஐ9100, ஐ9100ஜி என்று இரண்டு வகை. வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே இருக்கும் சில்லு வேறு வேறு. ஒன்றின் ரொம்மை மற்றதில் ஏற்றினால் போன் எழும்பாது.

ரூட் என்பது இன்னொரு விடயம். போனின் எல்லா அறைகளுக்கும் ஒரே திறப்பை எடுத்துக்கொள்வது. ரொம் மாற்ற விரும்புபவருக்கு ரூட் கட்டாயமில்லை. தேவையில்லாவிட்டால் வேண்டாம் என்பதே என் கருத்து. பல வங்கிச் செயலிகள் ரூட் செய்த போனில் திறக்கவே மாட்டா. அந்தத் திறப்பு ஒரு கெட்ட செயலியிடம் போனாலோ, மறைக்க ஒன்றும் மிஞ்சாது.

பிள்ளைகள் ரூட்டை விரும்புவது பெரும்பாலும் வேகத்துக்காக. சில்லை அதன் அளவுக்கு மேல் ஓடவிடுவதை ஓவர்குளொக்கிங் என்கிறார்கள். இன்றைய போன்களில் இதற்கு இடம் குறைவு, பழையவற்றில்தான் செய்கிறார்கள். 1200 மெகாஹேர்ட்ஸில் ஓடும் சில்லை 1400க்கு ஏற்றி, அது தடுமாறாதிருக்க மின்னழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடும். சில்லின் மின்செலவும் சூடுமோ ஐந்தில் இரண்டு பங்கு கூடும். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு ஏறுவதே காரணம். போனில் காற்றாடி இல்லை. நம் நாட்டு வெயிலும் சேர்ந்தால் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பெட்டரியின் ஆயுளும் குறையும். பிறகு எதற்கு இந்தப் பாடு?

அப்படியும் செய்துதான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் மகனுக்கு, உங்கள் போனையல்ல, பழைய போன் ஒன்றைக் கொடுங்கள். மின்னழுத்தத்தைத் தொடாமல் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் சற்று நேரம் பாவித்துப் பார்க்கட்டும். போன் எழும்பும்போதே அந்த வேகத்தில் எழும்பும்படி அமைப்பதை முதலில் தொட வேண்டாம். வேகம் ஒத்துவராவிட்டால், நிறுத்தி எழுப்பியதும் போன் பழைய நிலைக்கு வந்துவிடும். ரொம் ஏற்றும்போது பெட்டரி நிறைந்திருக்கட்டும். நடுவில் அணைந்தால் போன் கல்லாகிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னர், உள்ளே இருப்பவை இன்னோர் இடத்தில் பிரதி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எடுத்த பிரதியைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

உண்மையில் அந்தச் சகோதரியின் போன் மெதுவானதற்குக் காரணம் சில்லு அல்ல. இடம் நிரம்பியிருந்தது. காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்திருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படித் திருத்திய போனை விற்கும்போது மறைக்கலாகாது. சில சம்சுங் போன்களில் பூட்டைத் திறந்து வேறு மென்பொருள் ஏற்றியதும் உள்ளே ஓர் அடையாளம் எரிந்துவிடும். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அது மாறாது, சில பாதுகாப்பு வசதிகள் பின்னர் வேலை செய்யா. மறைந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று ஃபிக்ஹில் கியாருல் ஐப் பாடத்தில் ஓதுகிறோம். வொரண்டிக்காகக் கடையில் கொடுத்து, "நான் ஒன்றும் செய்யவில்லை" என்பதும் இதே வகைதான்.

அந்தச் சகோதரியிடம், கணவர் வேறு யாருக்காவது குரல் அனுப்பியிருப்பாரா என்று கேட்கச் சொன்னேன். கத்தாரில் இருக்கும் மைத்துனர் தம் போனைத் தேடிப் பார்த்து ஒன்பது பதிவுகளை அனுப்பினாராம். ஒன்றில், மகன் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறானா என்று வாப்பா கேட்கிறார். அதை மகன்தான் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்திருக்கிறான்.