கரி எந்நாட்டது ஆனாலும்

தன் மின்நிலையங்களுக்கே தட்டுப்பாடு என்று சொல்லி, 2022 ஜனவரி 1 முதல் இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலிய நிலக்கரி மீதான 2.5 சதவீத இறக்குமதி வரி நீங்கியது. ஒரே நாட்டை நம்பியிராதது நல்ல வியாபாரம்தான்.

ஆனால் அந்தக் கரி வந்திறங்கும் வடசென்னை எண்ணூரை யார் கேட்டார்கள்? ராயபுரத்துக் கரித்தூசிக்கு முடிவுகட்ட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், 2011-இல் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி இங்கே மாறியது. ஒரு பேட்டைக்கு விடுதலை, இன்னொன்றுக்குச் சுமை! கொசஸ்தலையாற்றில் படிந்த அனல்மின் சாம்பல் ஏற்கெனவே இறால் பிடிப்பவர்களின் பிழைப்பைக் கெடுத்திருந்தது. உள்நாட்டுக் கரியோ வெளிநாட்டுக் கரியோ, எரித்தால் மிஞ்சுவது சாம்பல்தான். வாங்கும் ஒவ்வொரு டன்னின் விலையிலும் ஆற்றைத் தூர்வார ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். மின்வாரியம் அதை அடுத்த டெண்டரிலேயே எழுதலாம்.