மதமும் வழக்கமும்

பெரம்பலூர்ச் சீமையில் உள்ள செட்டிகுளத்தில், குன்றின்மேல் தண்டாயுதபாணி கையில் கரும்பு ஏந்தி நிற்கிறார். கீழே ஊருக்குள் ஏகாம்பரேசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். அவ்வூர்க் குடியானவர்களுக்கு வெங்காய அறுவடை எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் தேரும் திருவிழாவும். மதம் இல்லாமல் ஊர் உண்டா என்று கேட்டால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பட்டாணியரும் அப்படியே சிரிப்பார்கள். பட்டாணியர் என்றதும் வட்டி வசூலிக்க வந்த ஈட்டிக்காரர்தான் நம் முன்னோருக்கு ஞாபகம் வரும். அந்தப் பக்தூன் ஜனங்களின் கிராமத்திலே பள்ளிவாசல் ஒன்றும், 'ஹுஜ்ரா' என்னும் விருந்தினர் சாவடி ஒன்றும் கட்டாயம் இருக்கும். பிறப்பும் நிக்காஹும் ஜனாஸாவும் மார்க்கப்படி நடைபெறும். வழக்கு வந்தாலோ, 'ஜிர்கா' என்னும் பெரியோர் சபை கூடிப் 'பக்தூன்வாலி' என்ற பழைய மரபின்படி தீர்ப்புச் சொல்லும். விருந்தோம்பல், அடைக்கலம், பழிக்குப் பழி ஆகியவை அம்மரபின் தூண்கள்.

மார்க்கமும் மரபும் ஒன்றே என்பது பாமரர் எண்ணம். ஆனால் இரண்டும் முட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. மன்னிப்பது மேல் என்கிறது மார்க்கம். பழிவாங்காதவன் ஆண்மகனல்லன் என்கிறது மரபு. மகனுக்குரியதில் பாதியை மகளுக்குக் கொடு என்கிறது மார்க்கம். மகளுக்கு நிலமே இல்லை என்றது மரபு.

எல்லைக் காந்தி எனப் புகழ்பெற்ற கான் அப்துல் கபார்கான் இந்த வேற்றுமையை நன்கு அறிந்தவர். 1929-இல் அவர் தொடங்கிய 'குதாய் கித்மத்கார்' படையில் சேர்ந்தவர்கள், பழி வாங்குவதில்லை என்று ஆண்டவன் பெயரால் சபதம் செய்தார்கள். 1930 ஏப்ரல் 23-ஆம் தேதி பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தபோது, பழிக்குப் பேர்போன அந்த ஜனங்கள் ஆயுதம் எடுக்கவில்லை. கார்வால் சிப்பாய்கள் சிலர் அவர்கள்மீது சுட மறுத்துத் தண்டனை அடைந்தார்கள். மரபு தூண்டிய கோபத்தை மார்க்கத்தைக் கொண்டே அடக்கினார் அப்பெரியார்.

பெண்களின் பங்குக்கும் சட்டம் வந்தது. வழக்கத்தைத் தள்ளி ஷரியத்தை ஏற்கும் சட்டம் எல்லை மாகாணத்தில் 1935-இலேயே இயற்றப்பட்டது. இந்தியா முழுமைக்குமான சட்டம் 1937-இல்தான் பிறந்தது. எனினும், சகோதரனுக்காகப் பங்கை விட்டுக் கொடுப்பதே நல்ல பெண்ணுக்கு அழகு என்ற பேச்சு அங்கே இன்னும் ஓயவில்லை.

அதைக் கேட்டு நாம் பெருமூச்சு விட வேண்டாம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று நம் மாகாணம் 1989-இல் சட்டம் செய்தது. அவ்வாண்டுக்கு முன்பே மணமான பெண்களை அது விட்டுவிட்டது. 2005-இல் மத்திய சட்டம் அக்குறையையும் நீக்கியது. ஆயினும் நடப்பது என்ன? "சீர் செய்தாகிவிட்டதே, பிறகு பங்கு எதற்கு?" என்ற ஒரே வாக்கியத்தில் காரியம் முடிகிறது. பெண்ணும் பிறந்தகத்து வாசற்படி மிதிக்க முடியாமற் போகுமோ என்று அஞ்சி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு விடுகிறாள். கேட்டால், 'நம் குல தர்மம்' என்று சொல்கிறார்கள்.

எந்தத் தெய்வம் அப்படிச் சொல்லிற்று? பங்குனி உத்திரத்துக்குப் பிறந்தகம் வரும் பெண்ணிடம் பத்திரத்தை நீட்டும் அண்ணன்மார்கள், குன்றேறிக் கும்பிடும்போது கரும்பேந்திய அந்தக் குமரனிடமே கேட்டுப் பார்க்கட்டும்.