பஜிரோ எந்த வருடம்?

ஜீப் வாங்க நினைக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "எந்த வருடத்து பஜிரோ நல்லது?" என்றுதான். கேட்டுவிட்டு நாமே இலக்கத் தகட்டைப் பார்த்து வயதைத் தீர்மானித்தும் விடுகிறோம். தகடு காட்டுவது இலங்கையில் பதிவான காலத்தை. ஜப்பானில் ஓடிவிட்டு வந்த வாகனத்துக்கு வயது அதைவிடக் கூட. பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி வருடம் தனியாக இருக்கிறது, அதைப் பாருங்கள்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்ற பிறகு பழைய வாகன விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். சிலர் காணியை விற்றுத்தான் வாங்கினார்கள். அந்தக் காசுக்குப் "புதுசுதான் நல்லது" என்ற கணக்குப் போதாது.

1991இல் வந்த இரண்டாம் தலைமுறை பஜிரோவுக்குத் தனிச் செசி, அதன்மேல் பொடி. 1999இல் வந்ததில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. கொழும்புக்குப் போய்வர அது சொகுசுதான். நெல் மூட்டை ஏற்றி வயல் பாதையில் ஓட நாம் பழையதையே சொல்வோம். அதிலும் 1993இல் வரத் தொடங்கிய 2.8 லீற்றர் டீசல். 2.5இல் இருப்பது டைமிங் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றியது என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். அறுந்தால் எஞ்சினுக்கே செலவு. 2.8இல் இருப்பது செயின்.

ஆனால் நாம் கடலோர ஊர்க்காரர், உப்புக்காற்று வருடம் பார்ப்பதில்லை. 96ஆ 97ஆ என்று பேரம் பேசுமுன் கீழே படுத்து, செசியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துருவுக்கு மேல் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால், முற்பணம் கொடுக்காமல் எழுந்து வாருங்கள்.